முள்ளண்ணன் நிறுத்தாத மேடு

அந்தமான் நிகோபார் தீவுகளில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் கடலைப் பார்க்காத ஒரே மனிதர் முள்ளண்ணன்தான். பார்வையில் கோளாறு ஒன்றும் கிடையாது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். போர்ட் பிளேரில் எந்தச் சாலையில் வண்டியைத் திருப்பினாலும் ஏதாவது ஒரு பக்கம் கடல் வந்து நின்றுவிடும். ஆனால் முள்ளண்ணனின் கண் ஒரு கணம் சாலையில் இருக்கும், மறுகணம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த சின்ன வட்டக் கண்ணாடியில் இருக்கும். அந்தக் கண்ணாடிக்குள் ஒரு வெள்ளை முள். எஞ்சினுக்குள் ஆயில் என்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்டுகிற முள். அதைத் தவிர உலகத்தில் பார்க்க வேறு எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை.

ஒரு சாயங்காலம் மின்னி பே வளைவில் போய்க்கொண்டிருந்தோம். அப்போதுதான் மழை விட்டிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் டாக்ஸியை ஓரங்கட்டிவிட்டுப் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கே மனசு தாங்கவில்லை.

"அண்ணே, கடலப் பாருங்கண்ணே! என்னா நீலம்!"

"ரெண்டே முக்கா" என்றார் முள்ளண்ணன்.

சுனாமி வந்து போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். தீவெங்கும் வீடு கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவரிடம் நான் டைம் கீப்பராக இருந்தேன். டாலிகஞ்சில் எங்கள் கொடவுன். யார் எப்போது வந்தார்கள், எந்த லாரி எப்போது கிளம்பியது என்று எழுதுவது என் வேலை. முள்ளண்ணனின் நிஜப் பெயரைத் தினமும் காலையில் மஸ்டர் ரோலில் எழுதியவன் நான்தான். இன்றைக்கு எவ்வளவு யோசித்தும் அது நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. தமிழர்கள் அவரை முள்ளண்ணன் என்றோம். பெங்காலிகளும் தெலுங்கர்களும் 'முல்லு பாய்' என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அதை அவருடைய சொந்தப் பெயர் என்றே நினைத்திருந்தார்கள்.

காலையில் அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தால் உடனே கிளம்ப மாட்டார். முள் மேலே ஏறும். அது ஏறி நிதானப்படும் வரை ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சாமி சந்நிதியில் நிற்பவர் போல உட்கார்ந்திருப்பார். கேட்டில் அவருக்குப் பின்னால் நாலு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

"ராத்திரி பூரா அடியில போய்த் தேங்கிக் கெடந்த ஆயிலு தம்பி. அது மேல ஏறி எல்லா எடத்துக்கும் போய்ச் சேரணுமா இல்லையா? நீங்க பாயில இருந்து எந்திரிச்ச ஒடனே ஓட்டப் பந்தயம் ஓடுவீங்களா?"

"பின்னாடி நிக்கறவன் திட்டறானேண்ணே."

"எஞ்சினு கெட்டுப் போனா அவனா வந்து சரி பண்ணுவான்?"

அவருடைய கதவின் உள்பக்கம் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. எந்த மேட்டில் முள் எவ்வளவு காட்டியது, எந்த இறக்கத்தில் எவ்வளவு என்று வரிசையாக எழுதி வைத்திருப்பார். மழைச் சாரலில் அழிந்து போனால் மறுநாள் மனப்பாடமாகத் திரும்ப எழுதிவிடுவார். அந்த வண்டியில் காலைக் குளிரில் அஞ்சு கிலோ, சூடேறி ஓடும்போது மூணரையிலிருந்து மூணு, சும்மா நின்று உறுமும்போது ஒண்ணு. இது அவருடைய கணக்கு. அதற்காக முள் இறங்கினாலே அவர் பதறிவிடுவார் என்று நினைக்கக் கூடாது.

"எறங்குறது நோவு இல்ல தம்பி. சூடானா ஆயிலு எளகும், எளகுனா முள்ளு எறங்கத்தான் செய்யும். எப்ப எறங்குது, எப்பிடி எறங்குதுன்னு பாக்கணும். போன மாசம் மூணு காட்டுன அதே மேட்டுல இந்த மாசம் ரெண்டரை காட்டுச்சுன்னா உள்ள பேரிங் தேயுதுன்னு அர்த்தம். மேட்டுல விழுந்து பள்ளத்துல எந்திரிச்சா ஆயிலு கொறைஞ்சு கெடக்குன்னு அர்த்தம். பொத்துனு விழுந்து எந்திரிக்கவே இல்லைன்னா, அவ்வளவுதான், கத்தம்."

தீர்ந்தது என்பதற்கு இந்தியில் 'கத்தம்' என்று சொல்லும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

இதெல்லாம் சென்னையிலோ மதுரையிலோ ஒரு டிரைவர் பேசினால் பைத்தியம் என்று விட்டுவிடலாம். அங்கே எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுபோனால் மெக்கானிக்கைத் தேட வேண்டும், அவ்வளவுதான். தீவில் கப்பலைத் தேட வேண்டும். ஒரு செட் பேரிங் மெயின்லாண்டிலிருந்து வந்து இறங்குவதற்குள் லாரியைச் சுற்றிப் புல் முளைத்துவிடும். அப்படி முளைத்த லாரிகளை டாலிகஞ்சிலேயே பார்த்திருக்கிறேன்.

மனிதர்களையும் அவர் இதே முள்ளை வைத்துத்தான் அளந்தார். காண்ட்ராக்டர் காலை எட்டு மணிக்கு அஞ்சு கிலோ பிரஷரில் இருப்பாராம். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மத்தியானம் மீன் சாப்பாடு முடிந்து ரெண்டரை மணிக்கு முள் ஒன்றில் நிற்குமாம். லீவு கேட்க அதுதான் நேரம். நான் பொங்கலுக்கு ஊருக்குப் போக மூன்று தடவை காலையில் லீவு கேட்டு மூன்று தடவையும் வசவு வாங்கியிருந்தேன். முள்ளண்ணன் சொன்னபடி ஒரு நாள் ரெண்டு முப்பத்தைந்துக்குப் போய் நின்றேன். காண்ட்ராக்டர் பாதிக் கண்ணைத் திறந்து, "போயிட்டு வாரும்வே" என்றார்.

அன்றைக்கு முள்ளண்ணனைத் தெய்வமாகவே நினைத்தேன். அந்த நினைப்பு பத்து நாள் நீடித்தது.

பத்தாவது நாள் எனக்குக் கப்பல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முள்ளண்ணனின் லாரியிலேயே துறைமுகத்துக்குக் கிளம்பினேன். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டார்.

"என்னண்ணே, எறங்கிருச்சா?"

"ஏறிருச்சு" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "சூடான எஞ்சினு, அஞ்சரை காட்டுது."

"ஏறுனா நல்லதுதானே?"

"ஒங்க அப்பாவுக்குப் பிரஷர் ஏறுனா நல்லதுன்னு சொல்லுவீங்களா?"

எங்கேயோ ஏதோ அடைத்திருக்கிறது என்றார். கீழே படுத்தார். எதையோ கழற்றினார். டீசலில் கழுவினார், ஊதினார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். நான் சாலையோரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். வந்த ஆட்டோ எல்லாம் ஆட்களோடு வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து என் உள்ளங்கையில் ஒரு பொருளை வைத்தார். கடுகில் பாதி அளவு இருந்த ஒரு இரும்புத் துணுக்கு.

"இதான் தம்பி. வால்வுல மாட்டிக்கிட்டு நின்னுச்சு."

சரியாக அந்த நேரத்தில் துறைமுகத்திலிருந்து கப்பல் நீளமாகச் சங்கு ஊதியது. என் பொங்கல் புறப்பட்டுப் போவதை நான் காதால் கேட்டேன்.

"அடுத்த கப்பலு வரும் தம்பி" என்றார் முள்ளண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே. "இந்த எஞ்சினு போனா வேற வராது."

அந்த வருஷப் பொங்கலை நான் டாலிகஞ்ச் கொடவுனில் சிமெண்ட் மூட்டைகளோடு கொண்டாடினேன். முள்ளண்ணனின் சம்சாரம், நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், கொடவுனுக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய தகர ரூமிலிருந்து எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார். நன்றாகவே இருந்தது. ஆனாலும் கோபம் ஆறவில்லை. என்றைக்காவது ஒரு நாள் இந்த ஆளை மாட்டிவிடாமல் இந்தத் தீவை விட்டுப் போவதில்லை என்று மனசுக்குள் சபதம் எடுத்தேன்.

என்னைவிடக் கோபமாக இருந்தவர் காண்ட்ராக்டர். மற்ற லாரிகள் போய்த் திரும்பும் நேரத்தில் முள்ளண்ணன் மூன்று இடத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, எஞ்சினை ஆறவிட்டுக்கொண்டிருப்பார்.

"லாரி ஓட்டுதீரா, தேர் இழுக்குதீரா? தெருவுக்குத் தெரு நிக்குது!" என்று கத்துவார்.

கத்திப் பலனில்லை என்று தெரிந்ததும் அவர் ஒரு யோசனை செய்தார். அவருடைய மச்சான் ஒருவர் எங்கள் கொடவுனில் மெக்கானிக் என்ற பெயரில் இருந்தார். மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முள்ளண்ணனின் வண்டியில் ஏறி, அந்தக் கண்ணாடியைக் கழற்றி, முள்ளை மூன்றில் நிறுத்திப் பசை போட்டு ஒட்டிவிட்டார். எஞ்சின் ஓடினாலும் மூணு. அணைத்தாலும் மூணு. முள் இறங்கினால்தானே மனுஷன் நிறுத்துவான்?

திங்கட்கிழமை காலை முள்ளண்ணன் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போடுவதற்கு முன் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மெதுவாக இறங்கி வந்தார். வீட்டில் ஒரு மரணம் நடந்துவிட்டதைச் சொல்கிற குரலில் என்னிடம் சொன்னார்.

"முள்ளு செத்துப் போச்சு தம்பி."

"மூணு காட்டுதேண்ணே. நல்ல பிரஷர்தானே?"

"உசுரோட இருந்தா ஆடணும். ஏறணும், எறங்கணும். தூங்குற வண்டியில மூணு காட்டுற முள்ள வச்சு நான் என்னா செய்யுறது?"

புது மீட்டர் மாட்டும் வரை வண்டியைத் தொட மாட்டேன் என்று படுத்துவிட்டார். பக்கத்தில் புல் முளைத்துக் கிடந்த ஒரு லாரியிலிருந்து மீட்டரைக் கழற்றி மாட்ட மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் முள்ளண்ணன் வீட்டில் இருந்ததால் எங்களுக்கெல்லாம் அக்காவின் வாயைக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது.

"எனக்குக் காய்ச்ச வந்தா நெத்தியத் தொட்டுப் பாக்க மாட்டாரு. லாரி ரேடியேட்டரத் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. நான் ஒரு பானெட்டு வச்சுப் பொறந்திருக்கணும்!"

நாலாம் நாள் காண்ட்ராக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். காலை எட்டு மணி. அஞ்சு கிலோ.

"நாளைக்கு மாயாபந்தருக்குக் கூரைத் தகரம் போவுது. டைம் கீப்பரே, நீரும் கூடப் போரும். வண்டி எங்க நின்னுச்சு, எத்தன மணிக்கு, எதுக்குன்னு எழுதிக் கொண்டாரணும். செக்போஸ்டு, படகு ஜெட்டி, சாப்பாடு, இதத் தவிர வழியில ஒரு எடத்துல நின்னாலும் சரி, இவரு சாவிய வச்சிட்டு ரூமக் காலி பண்ணிட வேண்டியதுதான். மெயின்லாண்டுக்கு டிக்கெட் நானே எடுத்துத் தாரேன்."

"எந்த மெயின்லாண்டு மொதலாளி?" என்று கேட்டார் முள்ளண்ணன். நக்கல் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். "எனக்கு மெயின்லாண்டு கெடையாதுங்களே."

அது சரிதான். அவர் பிறந்தது சிலோனில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். எட்டு வயதில், இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி, குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். தமிழ்நாட்டுக் கரையில் மண்டபம் கேம்ப்பில் பதினைந்து நாள் இருந்தார்கள். அந்தப் பதினைந்து நாளும் அவருக்குக் காய்ச்சல், ஒன்றும் நினைவில்லை. பிறகு நிகோபார் பக்கம் கச்சால் தீவு, ரப்பர் தோட்டம். வளர்ந்ததும் அங்கேயே தோட்டத்து லாரி. சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரில் தகர ஷெல்டர். அப்புறம் இந்த ரூம். மெயின்லாண்டு என்பது அவருக்கு ஒரு காய்ச்சல், அவ்வளவுதான். ரூம் போனால் அக்காவைக் கூட்டிக்கொண்டு போக ஓர் இடம் கிடையாது.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான், எழுதுவதற்குக் காண்ட்ராக்டர் கொடுத்த கட்டம் போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பையில் ஒன்றுக்கு இரண்டு பேனா இருந்தது. கோபத்தில் இருபத்தாறு வயசு ஆள் எவ்வளவு அற்பமாக இருக்க முடியுமோ அவ்வளவு அற்பமாக இருந்தேன்.

மாயாபந்தர் போகிற சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அங்கே இஷ்டத்துக்குப் போக முடியாது. ஜிர்காடாங் செக்போஸ்டில் எல்லா வண்டியும் காத்திருக்க வேண்டும். குறித்த நேரத்துக்குக் கேட்டைத் திறப்பார்கள். முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் ஜீப், நடுவில் பஸ், டாக்ஸி, லாரி எல்லாம் ஒரே சரமாகப் போக வேண்டும். காட்டுக்குள் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. முள்ளண்ணன் எப்படியோ அந்தக் காட்டை அதுவரை நிற்காமல்தான் தாண்டியிருந்தார். அவர் நிறுத்துகிற வேலையெல்லாம் காட்டுக்கு முன்னாலும் பின்னாலும்தான்.

விடியற்காலையில் கிளம்பும்போதே ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். சரியான அளவு இருந்தது. முந்தின நாள்தான் மச்சான் ஆயில் மாற்றியிருந்தார். முள்ளண்ணன் தான் மாற்றுவதாகச் சொல்லியும் காண்ட்ராக்டர் கேட்கவில்லை. செக்போஸ்டில் எங்கள் லாரிதான் கடைசி. எங்களுக்குப் பின்னால் போலீஸ் ஜீப்.

முதல் மேட்டில் முள் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தது. இறக்கத்தில் மறுபடி மூன்றுக்கு ஏறியது. முள்ளண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது மேட்டில் ஒன்றுக்கு வந்தது. இறக்கத்தில் மூன்று.

"ஆயிலு ஒழுகுது" என்றார். "மேடு ஏறுறப்ப இருக்குற கொஞ்ச ஆயிலும் பின்னால ஓடிருது. இந்த வண்டிக்கு உறிஞ்சுற வாய் முன்பக்கம். வெறுங்காத்த உறிஞ்சுது. நிறுத்தி ஊத்தணும்."

"ஆயில் இருக்கா?"

"சீட்டுக்குப் பின்னால அஞ்சு லிட்டரு இருக்கு. ஊத்த ரெண்டே நிமிஷம்."

நான் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். பேனா மூடியையும் கழற்றினேன். முள்ளண்ணன் அதைப் பார்த்தார்.

"எழுதுங்க தம்பி. ஒங்க வேலை. ஆனா நான் இன்னும் நிக்கல."

எதிரே பெரிய மேடு ஒன்று வந்துகொண்டிருந்தது. அது அவருடைய கதவில் சாக்பீஸால் அடிக்கோடு போட்டு எழுதப்பட்டிருந்த மேடு. ஏறினால் முள் பூஜ்யத்துக்கு வரும், எஞ்சின் போகும். நின்றால் வேலையும் ரூமும் போகும். மேட்டின் அடியில் சாலை கொஞ்சம் அகலமாக இருந்தது. முள்ளண்ணன் திடீரென்று ஸ்டீயரிங்கை முழுசாக வலது பக்கம் ஒடித்தார். கியரை மாற்றிப் பின்னால் வந்தார். மறுபடி ஒடித்தார். என் தலை கதவில் மோதியது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே போலீஸ் ஜீப்! எங்களுக்குப் பின்னால் வந்த அதே ஜீப் இப்போது எங்கள் முகத்துக்கு நேராக இருந்தது. லாரி ரிவர்ஸ் கியரில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என்னண்ணே பண்றீங்க!"

"மூஞ்சி கீழ பாத்தா ஆயிலு முன்னால வரும்ல?" என்றார். கதவுக்கு வெளியே முக்கால் உடம்பை நீட்டிப் பின்பக்கம் பார்த்தபடி ஓட்டினார். "எனக்கு முள்ளு தெரியல. நீங்க பாருங்க தம்பி. சொல்லிக்கிட்டே வாங்க."

ஜீப்பில் இருந்த ஏட்டு பாதி எழுந்து நின்றுவிட்டார். "அரே பாகல்! கியா கர் ரஹா ஹை?" என்று கத்தினார். பைத்தியமா உனக்கு என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"ருக்கா நஹீ சாப்!" என்று முள்ளண்ணன் பதிலுக்குக் கத்தினார். "சல் ரஹா ஹை!" நிற்கவில்லை ஐயா, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டப்படி அது சரிதான். நிற்கக் கூடாது என்றுதான் விதி. எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஜீப்பால் எங்களை முந்தவும் முடியாது, காட்டில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஆக அந்த மேடு முழுக்க ஏட்டும் நானும் பத்தடி தூரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஏறினோம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் யாரையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"தம்பி! முள்ளு!"

அப்போதுதான் அந்த வட்டக் கண்ணாடியை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். வெள்ளை முள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணரை!" என்றேன். "ஒண்ணே முக்கா! அண்ணே, ஏறுது... ரெண்டு! ரெண்டரை!"

"நிக்குதா, ஏறுதா?"

"ஏறுதுண்ணே! ரெண்டே முக்கா!"

எஞ்சின் காது கிழிய அலறியது. வலது பக்கம் காடு, இடது பக்கம் காடு. அப்படி ஒரு காட்டை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அன்றைக்கும் பார்க்கவில்லை. மரம் இருந்திருக்கும். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு!" என்று நான் கத்தினேன். என் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கே வெட்கமாகப் போயிற்று.

உச்சியில் மறுபடி ஓர் அகலமான இடத்தில் ஒடித்து நேராகத் திரும்பினோம். இந்தத் திருப்பங்களில் சக்கரம் ஒரு நொடியாவது நிற்காமல் இருந்திருக்குமா என்று கேட்டால், நிற்கவில்லை என்றுதான் முள்ளண்ணன் கடைசி வரை சாதித்தார். நானும் அதை ஆராயவில்லை. அதற்கப்புறம் பெரிய மேடு இல்லை. மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியில், வண்டிகளை அக்கரைக்குக் கொண்டுபோகும் படகுக்காக எல்லோரும் நின்ற இடத்தில் நாங்களும் நின்றோம்.

எஞ்சினை அணைத்துவிட்டு முள்ளண்ணன் அடியில் படுத்தார். ஆயிலை வடிக்கும் போல்ட்டை மச்சான் கையால் திருகிவிட்டதோடு சரி, ஸ்பேனரைத் தொடவே இல்லை. அதை இறுக்கிவிட்டு அஞ்சு லிட்டரையும் ஊற்றினார். ஏட்டு வந்து இந்தியில் தனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையையும் சொல்லித் திட்டினார். முள்ளண்ணன் பவ்யமாக அளவுக் கம்பியை நீட்டி, ஆயில் எங்கே இருந்தது, எங்கே இருந்திருக்க வேண்டும் என்று காட்டினார். ஏட்டு லாரி நம்பரையும் காண்ட்ராக்டர் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு போனார். போகும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு போனதாக எனக்குப் பட்டது.

படகு வர நேரமிருந்தது. முள்ளண்ணன் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாரி நிழலில் உட்கார்ந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏண்ணே, வண்டி காண்ட்ராக்டரோடது. எஞ்சின் போனா போகட்டும்னு ஒரே மிதியா மிதிச்சு மேட்டத் தாண்டியிருக்கலாமே? பழி மச்சானுக்குத்தான போகும்?"

"ஒருக்கா அப்பிடி மிதிச்சேன் தம்பி" என்றார்.

கச்சாலில் ஓட்டிய தோட்டத்து லாரியைப் பற்றிச் சொன்னார். பழைய வண்டி. கரையிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு ஒரு மேடு ஏறும். அந்த மேட்டில் பாதியில் முள் விழுந்துவிடும். தினமும் அந்த இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் மேலே போவாராம். தோட்டத்தில் எல்லோரும் சிரிப்பார்களாம்.

"அன்னிக்குக் காலையில கரையில நிக்கிறேன். பூமி ஆடி முடிஞ்சிருச்சு. தண்ணி உள்ள போயிட்டுத் திரும்பி வாறத எல்லாரும் பாத்தாங்க. லாரியில ஏறுனவங்க ஏறுனாங்க, நாப்பது பேரு இருக்கும். ஒங்க அக்காவும் பின்னாலதான் நின்னா. பாதி மேட்டுல, வழக்கமா விழுற எடத்துல, முள்ளு விழுந்துச்சு. சீரோ. பாத்தேன். பாத்துக்கிட்டே மிதிச்சேன். நாலு நிமிஷம் இருக்கும். உச்சிக்கு ஏத்தி விட்டுட்டுத்தான் எஞ்சினு பிடிச்சுச்சு. அப்புறம் அது ஓடவே இல்ல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அத்தன வருஷம் அத நான் பாத்துக்கிட்டேன். அன்னிக்கு ஒரு நாளு அது எங்களப் பாத்துக்கிச்சு" என்றார்.

"அதுக்கப்புறந்தான் இந்த மாதிரி முள்ளையே பாக்க ஆரம்பிச்சீங்களாண்ணே?"

"சேச்சே. அதுக்கு முந்தியும் நான் இப்பிடித்தான். அக்காகிட்ட வேணா கேளுங்க."

படகு வந்தது. நான் தாளை விரித்து, 'நின்ற இடம்' என்பதற்கு நேராக 'இல்லை' என்று எழுதினேன். பக்கத்தில் நேரமும் காரணமும் எழுத வேண்டிய கட்டங்களை அடித்துவிட்டேன். கையெழுத்தும் போட்டேன். பிறகு நினைத்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் நான் போட்ட கையெழுத்துகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மாயாபந்தர் போய்ச் சேர்ந்ததும் காண்ட்ராக்டர் போனில் வந்தார்.

"போலீஸ்காரன் பேசுதான்வே. வண்டி காட்டுக்குள்ள பின்பக்கமாப் போச்சாமே?"

"ஆமா சார், போச்சு."

"நின்னுச்சா?"

"நிக்கல சார்."

"எங்கயுமா?"

"எங்கயும் நிக்கல சார். எழுதியிருக்கேன்."

நான் போல்ட் கதையைச் சொன்னேன். மணியைப் பார்த்தேன். சாப்பாடு முடிந்த நேரம்தான். "எஞ்சின் எப்படிவே இருக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மூணு காட்டுது சார்."

"சரி, பைய வரச் சொல்லும்" என்றார். அதற்குப் பிறகு ஆயில் மாற்றும் வேலை மச்சானிடம் இல்லை. தகர ரூமும் காலியாகவில்லை. முள்ளண்ணன் திரும்பும் வழியில், காட்டைத் தாண்டிய பிறகு, ஐந்து இடத்தில் நிறுத்தினார். நான் ஒன்றையும் எழுதவில்லை.

நான் மெயின்லாண்டுக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. போன வருஷம் ஒரு கார் வாங்கினேன். முள்ளண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆயில் பிரஷருக்கு முள் இருக்கிறதா என்று கேட்டார். இந்தக் காலத்துக் காரில் முள் கிடையாது, ஒரு சிவப்பு விளக்குதான், ஸ்டார்ட் பண்ணியதும் அணைந்துவிடும் என்றேன்.

"அணைஞ்சதும் கெளம்பிராதீங்க தம்பி" என்றார்.

கிளம்புவதில்லை. தினமும் காலையில் விளக்கு அணைந்த பிறகும் இரண்டு நிமிஷம் ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். காருக்கு அது தேவையே இல்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். எனக்குத் தேவைப்படுகிறது.